குறை முதலில்

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகமாக இருக்கிறோம். மலைக்குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வலி இருந்தால்தான் நீ வாயை மூடிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும்.

புது அலமாரி வந்திருக்கிறது. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது கதவு ஒரு நூல் இறங்கியிருக்கிறது. மூன்றாவது இழுப்பறையின் உள்ளே ஒரு கீறல். கண்ணுக்குத் தப்பும், நகத்துக்குத் தப்பாது. மற்றபடி நல்ல மரம், பூட்டும் உறுதி. உன் அண்ணன் பார்த்த உடனே "முதல் தரம்" என்று சொல்லி முடித்துவிட்டார். அவர் வாயில் இதுவரை எது இரண்டாம் தரம் ஆகியிருக்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய காசுக் கடைக்கு ஆபத்து வந்திருக்கிறது. கடை என்று பேர்தானே தவிர, முன்னறையில் ஒரு மேசை, விளக்கு, பூதக்கண்ணாடி, இணையச் சந்தையில் உன் அண்ணன் பெயரில் ஒரு பக்கம், இவ்வளவுதான் அது. ஆனாலும் பத்து வருஷமாக இந்த வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். அந்தச் சந்தைக்காரர்கள் போன வாரம் ஓர் அறிவிப்பு அனுப்பினார்கள். பழைய காசும் நோட்டும் விற்பது பணத்துக்குப் பணம் விற்பதாம். யாரோ எங்கேயோ அந்தச் சாக்கில் கள்ளப்பணத்தை இடம் மாற்றியிருக்கிறார்கள். அதனால் ஜூன் முப்பதுக்குப் பிறகு, அவர்களிடம் பதிவு பெறாத யாரும் காசு விற்றால் அதற்குரிய பணத்தைத் தளத்தின் வழியாக வாங்க முடியாது. பதிவு பெறுவது எப்படி என்று இன்னும் சொல்லவில்லை.

"இவங்க இல்லன்னா ஊர்ல வேற சந்தையே இல்லையா" என்று உன் அண்ணன் வீறாப்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன், அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோனார்.

முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்று. பதில் போடு.

உன் அண்ணி


ஜனவரி 29

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் ஜீப்பில் சீமை எண்ணெய் டின்னுக்கு அடியில் வந்தது. இங்கே கைபேசி வெறும் கடிகாரம்தான் என்பதால் அந்த ஜீப்புக்காகத்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

அறிவிப்பைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். நம் அண்ணனையா பதிவு செய்ய மாட்டார்கள்? எங்கள் அணைப் பொறியாளர் இருக்கிறாரே, மீசை என்று பேர், மீசையை எடுத்து ஆறு வருஷமாகிறது, அவருக்கு இப்போது சாப்பாட்டு வேளையில் ஊறுகாய் வேண்டாம், அண்ணன் தன் பக்கத்தில் ஒவ்வொரு காசுக்கும் எழுதும் விவரம்தான் வேண்டும். ஊருக்கு இறங்கும்போதெல்லாம் நான் அச்செடுத்து வருகிறேன். போன வாரம் இதை உரக்கப் படித்தார்:

'இந்தக் காசை யாரோ நெடுங்காலம் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். காசிலுள்ள கப்பலின் பாயில் சாவி உரசிய தடம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறோம். அழகுக்காக வாங்குபவர்கள் விட்டுவிடலாம். இதோடு வாழ்ந்தவரைப் பிடித்திருந்தால் வாங்கலாம்.'

மீசை கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "உங்க அண்ணனுக்கு என்ன கண்ணும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சின்ன வயதில் என் பல் ஆடுவதைக்கூடக் கவனிக்காத ஆள், ஒரு காசின் பாயில் சாவித் தடத்தைப் பார்க்கிறார் என்றால் கடவுள் அவருக்குக் கண்ணைத் தாமதமாகத்தான் கொடுத்திருக்கிறார்.

கவலைப்படாதீர்கள். அண்ணனுக்கு என் அன்பு. உங்கள் தலைவலி தேவலையா?

வாலு


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுக்கு,

சுகம். என் தலைவலி போய்விட்டது, உன் முழங்காலைத்தான் போகச்சொல்ல முடியவில்லை. அனுப்பிய கம்பளி கிடைத்ததா? குறை: ஓரம் நான்கு விரல் அகலத்துக்குப் பிரிந்திருக்கும். தைத்துக்கொள்.

உனக்கு ஒரு வேடிக்கை. இந்த மாத முதல் வாரம் நான்கு நாள் நம் பக்கம் பூட்டிக் கிடந்தது. புது விதிக்காக அவர்கள் வைத்திருக்கும் இயந்திரம் 'நாணயம்' என்ற சொல் அளவுக்கு மேல் வரும் பக்கங்களைப் பிடித்து மூடுகிறதாம். நாம்தான் எப்போதும் 'காசு' என்று எழுதுகிறோமே, நாணயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், வாங்கியவர்கள் எழுதிய பாராட்டில் இருக்கிறது. 'நாணயமான கடை', 'இவ்வளவு நாணயமாக யாரும் சொல்லமாட்டார்கள்', இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு இடம். 'உங்கள் பக்கத்தில் அனுமதிக்கு மீறிய நாணயம் காணப்படுகிறது' என்று எழுதி அனுப்பினார்கள். உன் அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று நிற்கிறார்.

காசு என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'வட்டமான பழைய உலோகம்' என்று போட்டால் இயந்திரம் விட்டுவிடும் என்று ஒரு யோசனையும் வந்தது. பெயரைப் பொய்யாக எழுதிவிட்டுக் கீறலை மட்டும் உண்மையாக எழுதுவதில் என்ன இருக்கிறது? கடைசியில் வேண்டாம் என்று உன் அண்ணனே விட்டுவிட்டார்.

பதிவு பெறும் முறை வந்துவிட்டது. காசைப் பார்த்துத் தரம் சொல்லுகிறவரும் அதற்குப் பணம் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அவர் பெயரில், முகம் அவர் முகம், கண்ணும் அவர் கண். முத்திரையிட்ட உறையில் மூன்று காசு அனுப்புவார்களாம். அதைக் காமிராவுக்கு முன்னால் பிரித்து, அவர்களுடைய மதிப்பீட்டாளர் கேட்கக் கேட்க, துணையில்லாமல் தரம் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன் பிப்ரவரி எட்டாம் தேதி காசு தேடி வெளியூர் போய் ஒன்பது நாள் கழித்து வந்தார். ஆளைப் பற்றி எதைச் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்து, அரைமணி நேரத்தில் அந்த வீட்டுப் பெரியவரே பெட்டியைத் திறந்து மடியில் கொட்டும்படி பேச வேறு யாருக்கு வரும்? வெயிலில் அலைந்து கறுத்துப்போய் வந்திருக்கிறார். நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கம்பளி வந்தது, பிரிந்த ஓரம் சரியாக நான்கு விரல்தான், அளந்தே பார்த்தேன். நீங்கள் இருவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி.

'அனுமதிக்கு மீறிய நாணயம்' எங்கள் நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. மீசை தேநீரில் சர்க்கரை கூடினால் "அனுமதிக்கு மீறிய சர்க்கரை காணப்படுகிறது" என்கிறார்.

பரீட்சைக்கு எதற்குக் கவலை? அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். போன வாரம் விடுப்பில் இறங்கியபோது பக்கத்தைப் பார்த்தேன். பிப்ரவரி பத்திலிருந்து பதினாறுக்குள் பதினொரு காசு புதிதாக ஏறியிருக்கிறது. அதில் நடுவில் ஓட்டை போட்ட செம்புக்காசு ஒன்றுக்கு அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பேருந்தைத் தவறவிட்டேன். வெளியூர் வெயிலில் அலைந்துகொண்டே இப்படியும் எழுதுகிறார் என்றால் மனுஷன் சாதாரணப்பட்டவர் இல்லை.

பரீட்சை என்றைக்கு? இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

வாலு


மார்ச் 30

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நலம். நீயும் நலம்தானே?

பரீட்சை மே ஆறு. உன் அண்ணன் பயிற்சி செய்கிறார். நான் காசுகளை எடுத்து வைக்கிறேன், அவர் பார்த்துச் சொல்கிறார். நேற்று ஏழு வைத்தேன், ஏழும் முதல் தரம். அவருக்குக் கொஞ்சம் பதற்றம். பக்கத்தில் யாராவது காமிராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்து சைகை காட்டினால் நன்றாயிருக்கும் என்கிறார். அப்படிச் செய்வது தவறா, நீ என்ன நினைக்கிறாய்?

வேறு பெயரில் பதிவு எடுத்தால் என்ன ஆகும் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். பழைய பக்கம் மூடிப் போகுமாம். பத்து வருஷத்துப் பாராட்டில் ஒரு எழுத்துகூட வராது. புதிதாக, பூஜ்யத்திலிருந்துதான்.

சும்மாதான் கேட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம், நலம். கோடை வந்துவிட்டதால் அணையில் தண்ணீர் இறங்கி, அடிக்கல்லில் யாரோ எப்போதோ கிறுக்கிய இதயப் படம் ஒன்று வெளியே தெரிகிறது. மீசைக்கு அதைப் பார்த்தால் வெட்கம்.

வேறு பெயர் எதற்கு? அண்ணன் பெயரில் இருக்கும் மரியாதையை யாராவது கையால் தள்ளுவார்களா? சைகை காட்டுவதில் என்ன தப்பு? கடைக்குக் கண்ணாக இருக்கும் மனுஷனுக்கே காமிராவைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதற்கு ஒரு துணை, அவ்வளவுதானே. நீங்களே உட்காருங்கள். காசைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் என்ன, அவருடைய குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எதிரே பிடித்துக்கொள்ளுங்கள். பாவம், இத்தனை வருஷம் அவர் பின்னால் மேசை துடைத்ததற்கு அந்த அளவாவது பங்கு உங்களுக்கு வரட்டும்.

மே ஆறாம் தேதி இங்கிருந்தே வேண்டிக்கொள்வேன். முடிவை உடனே எழுதுங்கள்.

வாலு


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா? இந்த வரியை இத்தனை வருஷம் வழக்கத்துக்கு எழுதினேன், இன்று உண்மையாகவே கேட்கிறேன். நான் எழுதியதற்குப் பிறகு ஜீப் நான்கு முறை வந்துபோனது. அரிசி வந்தது, மீசையின் மருந்து வந்தது, உங்கள் கடிதம் வரவில்லை. பரீட்சை நாளும் போய்ப் பதினைந்து நாளாகிவிட்டது.

முதலில் உங்களுக்கு உடம்புதான் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு அண்ணன் தோற்றுவிட்டார், சொல்ல மனமில்லை என்று நினைத்தேன். பொழுது போகாமல் உங்கள் கடிதங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்பப் படித்தேன். அலமாரி வந்த கடிதத்தில் 'கண்ணுக்குத் தப்பும், நகத்துக்குத் தப்பாது' என்று எழுதியிருந்தீர்கள். எங்கோ பார்த்த வரி. சாப்பாட்டு அறைச் சுவரில் மீசை ஒட்டிவைத்திருக்கும் காசு விவரத்துக்கு முன்னால் போய் நின்றேன். அதே வரி, ஒரு எழுத்து மாறாமல். அட, அண்ணி பேசுவதைக் கேட்டு அண்ணன் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதும் எனக்கு வேறு மாதிரி தோன்றவில்லை. அதற்காக என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன் வீட்டில் இல்லாத ஒன்பது நாளில் பதினொரு காசுக்கு யார் எழுதினார்கள்? அந்த ஒன்பது நாளும் 'சும்மாதான் இருந்தேன்' என்றீர்களே. முதல் தரம் என்று சொல்லி வாங்கிய ஸ்கூட்டரை நான்கு தெரு தள்ளிக்கொண்டே வந்த அண்ணனுக்குக் காசில் மட்டும் எப்படிக் கண் திறக்கும்? 'வட்டமான பழைய உலோகம்' யோசனை யாருடையது, வேண்டாம் என்றது யார் என்பதும் இப்போது எனக்கு விளங்குகிறது. நீங்கள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் பேரிங் கம்பெனியில் கீறல் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள். அதை வைத்து நாங்கள் உங்களைக் கேலி செய்ததுகூட ஞாபகம் இருக்கிறது. உங்கள் வேலையை மறந்துவிட்டேன், கேலியை மறக்கவில்லை.

நானும் அளக்கிறவள்தான், அண்ணி. ஒரு நாளைக்கு மூன்று முறை படியிறங்கிப் போய் அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் ஒரு விரல் ஏறினாலும் எழுதி வைக்கிறேன். அதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் சொந்த அண்ணியைப் பத்து வருஷமாகச் சரியாகப் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் நான் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டதெல்லாம் உங்களைத்தான். எனக்கு உங்கள் மேல் அவ்வளவு மதிப்பாக இருக்கிறது, அதே அளவு என் மேல் வெட்கமாகவும் இருக்கிறது.

புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொள்ளச் சொன்னேனே. அதை மன்னியுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது?

வாலு


ஜூன் 2

அன்புள்ள வாலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணனும் நலம். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம். உன் மேல் கொஞ்சம், அவர் மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என் மேல்.

நீ கண்டுபிடித்தது சரி. பத்து வருஷத்துக்கு முன் அவர் எழுதி விற்ற முதல் மூன்று காசும் திரும்பி வந்தன. நான்காவதற்கு நான் எழுதித் தந்தேன். அது விற்றது. அப்படியே நின்றுவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஏமாற்றினார் என்று நினைத்துவிடாதே. ஆட்கள் அவரைப் பாராட்டும்போது முதலில் இரண்டு வருஷம் என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரிப்பார். பிறகு அந்தக் கூச்சம் பழகிப்போய்விட்டது.

மே ஆறாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். சைகை எல்லாம் அவர்தான் வகுத்தார். நான் மூக்கைத் தொட்டால் கீறல், காதைத் தொட்டால் யாரோ பொடி போட்டுத் தேய்த்துக் கழுவிய காசு, தலையைத் தொட்டால் நல்ல காசு. எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் கடை போய்விடும் என்ற பயம் இருந்தது, உன் கடிதமும் வந்திருந்தது. காமிராவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மதிப்பீட்டாளர் ஒரு பெண். மென்மையான குரல், கொஞ்சம்கூடச் சிரிப்பில்லை. உறையைப் பிரித்து உன் அண்ணன் முதல் காசை வெளிச்சத்தில் பிடித்தார். பக்கவாட்டில் ஒரு ராணியின் முகம். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு, அதாவது கழுவி மதிப்பைக் கெடுத்த காசு. நான் காதைத் தொட்டேன்.

அவருக்குப் பதற்றத்தில் எல்லாம் மறந்துவிட்டது. "காதுல அடி பட்டிருக்கு" என்றார்.

"எந்தக் காதுல?" என்று அந்தப் பெண் கேட்டார்.

நான் வலது காதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "வலது காது" என்றார். அந்தக் காசில் தெரிவதே ஒரு காதுதான், அது இடது காது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெண், "சார், உங்க எதிர்ல யார் இருக்காங்க?" என்றார்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். பூனை வந்தது, மருமகன் வந்தான் என்று எதையாவது அளந்துவிடுவார், அதில் இன்னும் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தேன். அவர் காசை உறைக்குள் போட்டு மேசையில் வைத்தார். "என் வீட்டுக்காரி. பத்து வருஷமா எழுதினது அவதான். எனக்கு வாங்கத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது" என்றார். பிறகு, "நான் இத யார்கிட்டயும் சொன்னதில்லம்மா, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றார்.

பக்கம் அன்றைக்கே மூடிவிட்டது. பாராட்டெல்லாம் போயிற்று. ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் எழுதியிருந்தார்: எழுதியவர் விரும்பினால் தன் பெயரில், தன் வங்கிக் கணக்கோடு புதிதாக விண்ணப்பிக்கலாம். ஜூன் இருபத்து நான்காம் தேதி ஓர் இடம் இருக்கிறது.

விண்ணப்பத்தை இன்னும் நிரப்பவில்லை. எனக்குக் காசு பார்க்கத் தெரியும். நான்தான் பார்த்தேன் என்று சொல்லத் தெரியாது. கடைக்கு ஒரு முகம் வேண்டும், அவர் முகத்தை எல்லோருக்கும் பிடிக்கும். ஐம்பத்து நான்கு வயதில் பூஜ்யத்தில் போய் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அண்ணன் மேசையைத் துடைக்கிறார், நாளைக்கு மூன்று தடவை.

நீ வெட்கப்பட வேண்டாம். முழங்காலைப் பார்.

அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அண்ணன் மேசை துடைப்பதைக் கேட்டதிலிருந்து என் முழங்கால் வலி பாதி போய்விட்டது. மீதியும் போகவேண்டுமென்றால் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

காதில் அடி பட்ட கதையை மீசைக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த விவரத்துக்கு அடியில் அண்ணன் பெயர் இருந்ததல்லவா, அதைப் பேனாவால் அடித்தார். "சரியான பேரைச் சொல்லும்மா, எழுதிடுவோம்" என்றார்.

அண்ணி, நான் வாய் திறந்தேன். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். முதலெழுத்து என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டு, எல்லாக் கடிதத்தையும் அண்ணன் பெயர் எழுதிய உறையில் போட்டு, உங்கள் தகப்பனார் பெயரின் முதல் எழுத்துகூடத் தெரியாமல் நின்றேன். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் கிடந்த உங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தேடியெடுத்துப் பார்த்துதான் சொன்னேன்.

அதனால் இந்த உறையை உங்கள் பெயருக்கே அனுப்புகிறேன். முதலெழுத்தோடு. இதுதான் முதல் தடவை.

கடைக்கு முகம் வேண்டும் என்கிறீர்கள். இந்த மலையில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். ஒருவர்கூட அண்ணன் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த எழுத்தைத்தான் பார்த்தார்கள். பூஜ்யம் என்றால் என்ன, அளவுகோலின் அடியில் அதுதான் இருக்கிறது, அங்கிருந்துதான் நான் தினமும் எண்ணுகிறேன். உட்காருங்கள், அண்ணி.

உங்களை நினைத்துப் பெருமைப்படும்,
வாலு


ஜூலை 3

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்கால் மீதியும் போயிற்றா?

குறையை முதலில் சொல்கிறேன். புதுப் பக்கத்தில் பாராட்டு இரண்டுதான். விற்ற பணத்தை மூன்று வாரம் அவர்களே பிடித்து வைத்துக்கொண்டு பிறகுதான் தருகிறார்கள். பழைய வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நாங்கள் எங்கே போனோம் என்றே தெரியாது. உன் அண்ணன் ஒவ்வொருவருக்கும் எழுதிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இருபத்து நான்காம் தேதி அதே பெண்தான் காமிராவில் வந்தார். முதல் காசில் இரண்டு கீறல், ஒன்று கண்ணுக்கு, ஒன்று நகத்துக்கு. சொன்னேன். இரண்டாவதை வெகு நேரம் திருப்பிப் பார்த்தும் எனக்குக் குறை எதுவும் கிடைக்கவில்லை. "எனக்குத் தெரியல. தெரியலன்னுதான் எழுதுவேன்" என்றேன். மூன்றாவதன் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விரலில் தட்டியது. அச்சில் அடித்ததில்லை, உருக்கி வார்த்தது, போலி. சொல்லி முடித்ததும் அந்தப் பெண், "ரெண்டாவது காசுல குறை கிடையாதும்மா. இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் எதையாவது கண்டுபிடிச்சாங்க" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பதிவு கிடைத்துவிட்டது.

ஆனால் நான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்த காரணம் வேறு. உன் கடிதம் வந்த அன்று நடந்ததை எழுதுகிறேன்.

ஜூன் பதினெட்டாம் தேதி காலை. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் அலமாரியில் வெறுமையாகவே கிடந்தது, இனி நிரப்பப் போவதில்லை என்று முடிவே செய்திருந்தேன். வாசலில் தபால்காரர் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். இந்தத் தெருவுக்குப் பதினாறு வருஷமாக வருகிறவர், வீட்டு நாய்களைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே சார், திருப்பி அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

உன் அண்ணன் கையில் மேசை துடைக்கும் துணி இருந்தது. உறையை வாங்கிப் படித்தார். எவ்வளவு நேரம் படித்தார் என்று சொல்ல மாட்டேன். பிறகு சொன்னார்:

"இருக்காங்க. அவங்க கடையிலதான் நான் வேலை பாக்குறேன்."

அன்றைக்குக் கடை இல்லை, பதிவு இல்லை, ஒன்றுமே இல்லை. தபால்காரர் போனதும் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர் என்ற இடத்துக்கு வந்ததும், எப்படி எழுதவேண்டும் என்று அவர் பக்கத்தில் நின்று உன் உறையைப் பார்த்து, முதலெழுத்திலிருந்து எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

அண்ணி